அக்கா கல்யாணமும் ஓரியண்டேஷனும் ஒரே வாரத்துல, எதை விடறது?

கோயம்புத்தூர்_பையன் | ஜூலை 6, இரவு 11:12

எல்லாருக்கும் வணக்கங்க. இன்ஜினியரிங் மூணாவது வருஷம். எங்க காலேஜுக்கும் அமெரிக்காவுல மிட்வெஸ்ட் பக்கம் ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கும் ஒப்பந்தம் இருக்கு. ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சுக்கு என்னைத் தேர்வு பண்ணிருக்காங்க. எக்ஸ்சேஞ்ச் மாணவருக்குக் குடுக்கற ஜே-1 விசாவும் கைக்கு வந்துருச்சு.

சிக்கல் என்னன்னா, விசாவுக்காக அந்த யூனிவர்சிட்டி குடுத்த டிஎஸ்-2019ங்கற படிவத்துல ப்ரோக்ராம் ஆரம்பிக்கற தேதி ஆகஸ்ட் கடைசில ஒரு திங்கக்கிழமை. அன்னைக்கே ஓரியண்டேஷன், அதாவது புது மாணவருக்கான அறிமுக நிகழ்ச்சி, ஆரம்பிக்குது, மூணு நாள். அதே வாரம் வியாழக்கிழமை எங்க அக்காவுக்கு முகூர்த்தம். மண்டபம் பிடிச்சு ஆறு மாசம் ஆச்சு. வகுப்பு ஆரம்பிக்கறது அதுக்கு அடுத்த புதன். கல்யாணத்தை முடிச்சு வெள்ளி காலைல கிளம்புனா வகுப்புக்கு நாலு நாள் முன்னாடியே போயிருவேன். டிக்கெட்டும் கொறையுது.

போயிட்டு வந்த சீனியருங்க "அது வெறும் பீட்சாவும் பிபிடியும்தான்டா, விட்டுத்தள்ளு"ங்கறாங்க. அப்பா "தேதி போட்டிருக்கான்ல, போகோணும்"ங்கறார். அக்கா பேசறதே இல்லை. என்ன பண்றதுங்க?

சும்மா_இரு | ஜூலை 6, இரவு 11:40

கல்யாணத்துக்குப் போ தம்பி. நான் ரெண்டு நாள் உக்காந்து பாத்தவன். முதல் நாள் ஒருத்தர் மேடைல ஏறி "நீங்கள் 80 நாடுகளிலிருந்து வந்திருக்கிறீர்கள்"ன்னார், எல்லாரும் கை தட்டுனோம். ரெண்டாம் நாள் டி-ஷர்ட் குடுத்தாங்க. எக்ஸ்எல். இன்னும் தூங்கும்போது அதைத்தான் போடறேன். இது தவிர எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை.

ஃபைல்_அக்கா | ஜூலை 7, காலை 6:05

சும்மா_இரு சொல்றதுல பாதி சரி, மீதி பாதி ஆபத்து. நான் இங்க அமெரிக்காவுல ஒரு யூனிவர்சிட்டில வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துலதான் வேலை பாக்கறேன். (உங்க யூனிவர்சிட்டி இல்லைப்பா. அதனால நான் சொல்றதைவிட உங்க அலுவலகம் சொல்றதுதான் முக்கியம்.)

ஓரியண்டேஷன் வேற, செக்-இன் வேற. ரெண்டையும் ஒரே வாரத்துல வைக்கறதால எல்லாரும் குழப்பிக்கறாங்க. பீட்சா, டி-ஷர்ட், கேம்பஸ் சுத்திக் காட்டறது எல்லாம் ஓரியண்டேஷன். அதைத் தவறவிட்டா விசாவுக்கு ஒண்ணும் ஆகாது. செக்-இன்னுங்கறது, நீ நாட்டுக்குள்ள வந்துட்ட, இந்த முகவரில இருக்க, படிக்கப் போறன்னு நாங்க செவிஸ்ங்கற அரசாங்க கம்ப்யூட்டர்ல உறுதிப்படுத்தறது. ஆரம்பத் தேதில இருந்து 30 நாளுக்குள்ள அதைப் பண்ணலைன்னா உன் பதிவு "வரவில்லை"ன்னு தானா மாறிரும். நீ லைப்ரரில உக்காந்து படிச்சிட்டே இருப்ப, கம்ப்யூட்டர் கணக்குல நீ இந்தியாவுல இருப்ப. அதைச் சரிபண்றது பெரும்பாடு.

நாலஞ்சு நாள் தாமதத்துக்கு உலகம் இடியாது. ஆனா சொல்லாம தாமதமா வராத. டிஎஸ்-2019ல உங்க யூனிவர்சிட்டி சார்பா கையெழுத்துப் போட்ட அதிகாரி பேர் இருக்கும் பார். அவங்களுக்கு இன்னைக்கே மெயில் போடு. தாமதமா வரலாமா, எதெல்லாம் கட்டாயம், அதை எப்ப ஈடுகட்டறதுன்னு மூணே கேள்வி. பதில் வந்ததும் அதை அச்செடுத்து டிஎஸ்-2019 கூட வெச்சு கைப்பைல போடு. தேதி தாண்டி வந்து நிக்கறவனை இமிகிரேஷன்ல "ஏன் லேட்"டுன்னு கேக்கறது சகஜம். அப்ப அந்தத் தாள் விமானத்துல லக்கேஜா போட்ட பெட்டிக்குள்ள இருந்தா ஒரு பிரயோஜனமும் இல்லை.

கோயம்புத்தூர்_பையன் | ஜூலை 7, காலை 9:30

ரொம்ப நன்றிங்க அக்கா. மெயில்ல காரணம் என்னன்னு எழுதறதுங்க? கல்யாணம்னு எழுதுனா சிரிப்பாங்களோன்னு இருக்கு. ஃப்ரெண்டு ஒருத்தன் டைஃபாய்டுன்னு போடச் சொல்றான்.

ஃபைல்_அக்கா | ஜூலை 7, மாலை 5:48

டைஃபாய்டுன்னு போட்டா "டாக்டர் சர்டிபிகேட் அனுப்பு"ம்பாங்க, அடுத்து ஹெல்த் சென்டர் உன்னைப் பிடிச்சுக்கும். எதுக்கு இந்த வம்பு? கூடப்பிறந்தவ கல்யாணம்னே எழுது. அதைவிட நல்ல காரணம் இருக்கா?

இன்னொண்ணு. எனக்கு நம்ம ஊர்ல இருந்து வர்ற மெயில்ல பாதி "ரெஸ்பெக்டட் சார்"னு ஆரம்பிக்கும் (நான் சார் இல்லை), காலேஜ் பெருமை நாலு வரி போகும், கேள்வி கடைசில ஒளிஞ்சிருக்கும். தலைப்புலயே எந்தத் தேதிக்குப் பதிலா எந்தத் தேதில வர்றேன்னு போடு. முதல் வரில கேள்வியைக் கேளு. அனுமதி வர்ற வரைக்கும் டிக்கெட் போடாத.

ஒரு_அப்பா | ஜூலை 7, இரவு 8:15

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகள் சென்ற ஆண்டு இதேபோல் ஒரு செமஸ்டர் சென்றாள். நடுவில் மதிப்பெண் விசாரிக்க அந்த அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். "உங்கள் மகள் இங்கே படிக்கிறாரா என்பதையே நாங்கள் சொல்ல இயலாது" என்றார்கள். கட்டணம் கட்டுவது நான்! இது என்ன நியாயம்?

ஃபைல்_அக்கா | ஜூலை 7, இரவு 9:02

ஐயா, வருத்தம் புரியுது. ஃபெர்பான்னு மாணவர் பதிவுகளோட ரகசியத்தைப் பத்தி 1974ல வந்த சட்டம். காலேஜ்ல சேர்ந்த பிறகு அந்தப் பதிவுகள் மேல உரிமை பிள்ளைக்குத்தான். உங்க மகள் எழுத்துல சம்மதம் குடுத்தா நாங்க பேசலாம், இல்லைன்னா வாயைத் திறந்தா எங்க மேலதான் தப்பு. நேரா பாப்பாகிட்டயே கேட்டிருங்களேன்.

ஒரு_அப்பா | ஜூலை 7, இரவு 9:10

அவள் சொல்லாததால்தானே, அம்மா, நான் போன் செய்தேன்.

மெண்டோட்டா | ஜூலை 8, காலை 7:20

ஐயாவோட கடைசி வரிக்குப் பதிலே கிடையாது. :)

தம்பி, நான் மதுரைக்காரன். விஸ்கான்சின்ல மேடிசன்ல ஒரு வருஷம் இருந்தேன். ஓரியண்டேஷன்ல சொல்லாததை, சொல்லியும் எவனும் காதுல வாங்காததை நான் சொல்றேன்.

முதல்ல ஊசி. போறதுக்கு முன்னாடி எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி) ரெண்டு டோஸ் போட்டதுக்குச் சான்று கேப்பாய்ங்க. வீட்டுல மஞ்சள் அட்டை இருந்தா தேடு. இல்லையா, ரத்தத்துல எதிர்ப்புசக்தி இருக்கான்னு பாக்குற டெஸ்ட் எடுத்துக் குடுத்தாலும் பல இடத்துல ஒத்துக்குவாய்ங்க. அப்புறம் டிபி. நமக்கெல்லாம் பிறந்ததும் பிசிஜிங்கிற டிபி தடுப்பூசி போட்டிருக்கும், தோள்ல தழும்பு இருக்கும் பாரு. அதனால கையில குத்திப் பாக்குற தோல் டெஸ்ட்டுல டிபி இல்லாதவனுக்குக்கூட வீங்கிரும். எனக்கு ஒரு ரூவா காசு சைஸுக்கு வீங்குச்சு. நர்ஸ் ஸ்கேலை வச்சு அளந்துட்டு என் மூஞ்சியப் பாத்த பார்வை இருக்கே! அடுத்து எக்ஸ்ரே, அதுவரைக்கும் கோர்ஸ் பதிவை நிறுத்தி வச்சுட்டாய்ங்க. ரத்தத்துல பாக்குற இக்ரா டெஸ்ட்டுக்கு பிசிஜி பிரச்சனையில்ல. "எனக்கு பிசிஜி போட்டிருக்கு, ரத்த டெஸ்ட் எடுத்துக்கிறேன்"னு நீயே முந்திக்க.

ரெண்டாவது, பெட்ஷீட். சிரிக்காத. ஹாஸ்டல் கட்டில் பெரும்பாலும் ட்வின் எக்ஸ்எல், 80 இன்ச் நீளம். ஊர்ல இருந்து கொண்டுபோனது நாலு மூலையில ரெண்டு மூலைக்குத்தான் வரும். அங்க போய் வாங்கு. மிக்ஸி கொண்டுபோகாத, அங்க கரண்ட் 120 வோல்ட்டு, நம்ம மிக்ஸி முக்கிக்கிட்டே நிக்கும்.

மூணாவது, தீ அலாரம். கடுகு தாளிச்சா அடிக்கும். ஊதுபத்தி கொளுத்துனா அடிக்கும், அதோட ஹாஸ்டல் ரூம்ல ஊதுபத்தி, மெழுகுவத்திக்கெல்லாம் அனுமதியே இருக்காது. ஒரு நவம்பர் ராத்திரி என் புண்ணியத்துல மொத்த பில்டிங்கும் போர்வையைப் போத்திக்கிட்டு ரோட்டுல நின்னுச்சு. ஒரு ரசத்துக்கு. எவனும் திட்டல, அதுதான் கொடுமை.

நீ ஹாஸ்டல்ல இல்லாம வெளிய வீடு எடுத்தா ஒரு விஷயம். மேடிசன்ல வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஆகஸ்ட் 14ஆம் தேதி முடிஞ்சு 15 தொடங்கும். அந்த ஒரு நாள்ல ஊரே வீடு மாறும். வேண்டாததை ரோட்டோரம் வச்சிட்டுப் போயிருவாய்ங்க. மேசை, நாற்காலி, லேம்ப், ஒரு தடவை பியானோவே பாத்தேன். அதுக்கு ‘ஹிப்பி கிறிஸ்துமஸ்’னு பேரு. லேங்டன் தெருவுல இருந்து ஒரு எழுதுற மேசையை நானும் ஒரு சீனப் பையனும் தலையில தூக்கிட்டு வந்தோம். அவனை அதுக்கு முன்ன பாத்ததே இல்ல, இன்னைக்கும் பேசிக்கிறோம். மரம், இரும்பு எடுக்கலாம். மெத்தை, சோபா மட்டும் தொட்றாத, மூட்டைப்பூச்சி.

கோயம்புத்தூர்_பையன் | ஜூலை 8, மாலை 4:10

அண்ணா, தழும்பு இருக்குங்ண்ணா. அட்டையைத் தேடுனதுல அட்டை கிடைக்கல, அக்காவோட பத்தாவது மார்க் ஷீட் கிடைச்சுது. வீட்ல இப்பப் பேச்சே அதுதான்.

மெயில் போட்டுட்டேன்.

சும்மா_இரு | ஜூலை 8, இரவு 10:22

சரி, நானும் ஒரு உருப்படியான விஷயம் சொல்லிடறேன், இல்லைன்னா ஃபைல்_அக்கா என்னை வெறும் டி-ஷர்ட்டுக்காரனாவே நினைச்சுருவாங்க.

இன்சூரன்ஸ். நான் முதல்ல ஜே-1ல வந்தவன்தான். ஊர்ல ஒரு ஏஜென்ட் "இதான் சார் எல்லா ஸ்டூடண்ட்டும் எடுக்கறது"ன்னு ஒரு பயணப் பாலிசியைத் தலைல கட்டினார். இங்க வந்து காட்டினா செல்லாதுன்னுட்டாங்க. ஜே-1க்கு அரசாங்கமே அளவு வெச்சிருக்கு: ஒரு விபத்து அல்லது நோய்க்கு குறைஞ்சது 1,00,000 டாலர், நோயாளியை ஊருக்கு ஏத்தி அனுப்ப 50,000, செத்துப்போனா உடலை அனுப்ப 25,000. நாம கைல இருந்து கட்டற டிடக்டிபிள் 500 டாலருக்கு மேல இருக்கக் கூடாது. என் பாலிசில அது ஆயிரம். கடைசில யூனிவர்சிட்டி பாலிசியையும் வாங்கினேன். ரெண்டு தடவை காசு. பல யூனிவர்சிட்டில அவங்க பாலிசியே கட்டாயம். முதல்ல அதைக் கேட்டுட்டு ஏஜென்ட்கிட்டப் போ.

ஃபைல்_அக்கா | ஜூலை 9, காலை 6:30

இதைத்தான் ஓரியண்டேஷன்ல ஸ்லைடு போட்டுச் சொல்றோம். டி-ஷர்ட் வாங்கற அவசரத்துல இருந்திருப்பீங்க. வேணும்னே இன்சூரன்ஸ் இல்லாம இருந்தா ப்ரோக்ராமையே முடிச்சு அனுப்பணும்னு விதி இருக்கு, எங்களுக்கு வேற வழியே இல்லை.

தம்பிக்கு இன்னும் சில துண்டு துண்டா. இளங்கலைக்கு செமஸ்டருக்கு 12 கிரெடிட் குறையக் கூடாது. கோர்ஸ் கஷ்டமா இருக்குன்னு எங்ககிட்ட எழுத்துல அனுமதி வாங்காம விட்றாத. வீடு மாறினா பத்து நாளுக்குள்ள சொல்லணும். கேம்பஸ்ல டைனிங் ஹால் வேலை பாக்கலாம், வாரம் 20 மணி நேரம் வரைக்கும். ஆனா எங்க கடிதம் கைக்கு வந்த பிறகுதான் முதல் தட்டைக் கழுவணும். வேலை இருந்தாத்தான் சோஷியல் செக்யூரிட்டி நம்பர்ங்கற அரசாங்க அடையாள எண் கிடைக்கும். அது இல்லாதவனுக்கே போன் வரும், "உங்க நம்பரை முடக்கிட்டோம், கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்லு"ன்னு. எந்த அரசாங்கமும் கிஃப்ட் கார்டுல பணம் வாங்காது. வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் அழுதுட்டே எங்க வாசல்ல வந்து நிக்கறாங்க.

சம்பளம் வாங்கலைன்னாலும் 8843னு ஒரு வரிப் படிவம் உண்டு. அடுத்த வருஷம் ஜூன் 15க்குள்ள தபால்ல அனுப்பணும். அப்ப நீ ஊர்ல அரியர் இல்லாம பாஸ் பண்ற கவலைல இருப்ப. இப்பவே போன்ல நினைவூட்டல் போட்டு வை.

வடமராட்சி | ஜூலை 9, காலை 11:45

தம்பி, நான் யாழ்ப்பாணப் பக்கம். போன வருசம் ஒரு செமஸ்டர் இருந்திட்டு வந்தனான். எல்லாரும் பேப்பரைப் பற்றிக் கதைக்கிறியள், நான் வேற ஒண்டு சொல்லுறன்.

ஓரியண்டேஷனிலை ஒரு மணித்தியாலம் ‘அகடமிக் இன்டெக்ரிட்டி’, அதாவது படிப்பிலை நேர்மை, எண்டு ஒரு வகுப்பு. எங்களுக்குத் தெரியாததா எண்டு நினைச்சு நான் பின்வரிசையிலை இருந்து ஃபோனை நோண்டிக்கொண்டு இருந்தனான். மூண்டாம் கிழமை லாப் ரிப்போர்ட். செய்முறைப் பகுதியை லாப் மனுவலிலை இருந்தபடியே எழுதிப்போட்டன். இஞ்சை அப்பிடித்தானே எழுதுறனாங்கள், சொல்லை மாத்தினால்தான் புள்ளி குறையும்! அங்கை பேராசிரியர் கூப்பிட்டு ரெண்டு தாளையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சார். மஞ்சள் மையாலை கோடு போட்டிருந்தது. முதல் பந்தி முழுக்க மஞ்சள். அவர் கோபமாக் கதைக்கேல்ல, அது இன்னும் பயமாக் கிடந்தது. அந்த ரிப்போர்ட்டுக்குச் சைபர், எழுத்திலை ஒரு எச்சரிக்கை, அதோடை ஒரு ஒன்லைன் பாடம். களவு எண்ட எண்ணமே எனக்கு இருக்கேல்ல, ஆனால் அங்கை எண்ணத்தைப் பார்க்கிறேல்ல, தாளைத்தான் பார்க்கிறவை.

வீட்டுப் பாடத்தைச் சேர்ந்து செய்யலாமோ கூடாதோ எண்டது பாடத்துக்குப் பாடம் மாறும். சிலபஸ் எண்டு ஒரு தாள் தருவினம். எங்கடை சிலபஸ் மாதிரி தலைப்புப் பட்டியல் இல்லை, கிட்டத்தட்ட ஒப்பந்தம். பிந்திக் குடுத்தால் எவ்வளவு புள்ளி போகும், வகுப்பிலை கதைக்கிறதுக்கு எவ்வளவு புள்ளி எல்லாம் அதிலை கிடக்கும். முதல் நாளே வாசியும்.

மெண்டோட்டா | ஜூலை 9, மாலை 6:00

வடமராட்சி அக்கா சொன்ன ‘வகுப்புல பேசுறதுக்கு மார்க்’தான் என்னையக் கொன்னுச்சு. பன்னெண்டு வருஷம் "பேசாதே"ன்னு பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சுட்டு, திடீர்னு பேசுனாத்தான் பத்து பர்சென்ட்டுன்னா? முதல் மாசம் கேள்வியைத் தமிழ்ல யோசிச்சு, இங்கிலீஷ்ல மாத்தி, கையைத் தூக்குறதுக்குள்ள அவய்ங்க அடுத்த பாடத்துக்குப் போயிருப்பாய்ங்க. ஆபீஸ் ஹவர்ஸ்னு வாரம் ரெண்டு மணி நேரம் வாத்தியார் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. போனா தப்புப் பண்ணிட்டோம்னு நினைப்பாரோன்னு நான் அக்டோபர் வரைக்கும் போகவே இல்ல. போன அன்னைக்கு அவரு சொன்னது: "அப்பாடா, ஒருத்தன் வந்துட்டான்."

கோயம்புத்தூர்_பையன் | ஜூலை 14, இரவு 10:05

பதில் வந்துருச்சுங்க! அக்காவுக்கு வாழ்த்துச் சொல்லி ஆரம்பிச்சிருக்காங்க. சனிக்கிழமை வரலாமாம், ஆன்லைன்ல ரெண்டு பாடத்தைக் கிளம்பறதுக்கு முன்னாடி முடிக்கோணும், செவ்வாய்க்கிழமை தாமதமா வர்றவங்களுக்குத் தனியா ஒரு செஷன் இருக்காம். அச்செடுத்தாச்சு, மூணு காப்பி. அக்கா பேச ஆரம்பிச்சுட்டா.

ஒரு சின்னச் சந்தேகம். என் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலி. விசாவுல என் பேர் சர்நேமாவும், முதல் பேருக்கு "எஃப்என்யூ"ன்னும் வந்திருக்கு. தப்பா அடிச்சுட்டாங்களா?

ஃபைல்_அக்கா | ஜூலை 15, காலை 6:12

தப்பு இல்லை. எஃப்என்யூன்னா முதல் பேர் தெரியவில்லைன்னு அர்த்தம். இனிஷியல் போட்டுப் பழகின நம்ம ஊர் ஆளுங்களுக்கு அடிக்கடி வரும். எங்க பட்டியல்ல ஒவ்வொரு வருஷமும் ஒரு எஃப்என்யூ குடும்பமே இருக்கும். வந்து இறங்கினதும் ஐ-94ங்கற, நாட்டுக்குள்ள நுழைஞ்ச பதிவை இணையத்துல எடுக்கணும், அப்ப முதல் பேர் கட்டத்துல இதையே அடி, இல்லைன்னா கிடைக்காது. எடுத்ததும் வகை ஜே-1னு இருக்கான்னு பார், வேற ஏதாவது இருந்தா அன்னைக்கே சொல்லு. பல யூனிவர்சிட்டில கூப்பிடற பேரைத் தனியா மாத்திக்கலாம், போனதும் மாத்திரு.

ப்ரோக்ராம் முடிஞ்சு ரெண்டு வருஷம் சொந்த நாட்டுல இருந்த பிறகுதான் சில விசா கிடைக்கும்ங்கற ரெண்டு வருஷ விதி, 212(இ), உனக்குப் பொருந்துமா பொருந்தாதான்னும் விசாவுல கீழ ஓரமா குறிப்பு இருக்கும். அந்த விதி எந்தெந்த நாட்டுக்காரங்களுக்குன்னு சொல்ற திறன் பட்டியல் 2024 டிசம்பர்ல புதுசா வந்துச்சு, அதுல இந்தியா இல்லை. அரசாங்கப் பணத்துல போகலைன்னா பெரும்பாலும் கவலை வேண்டாம், ஆனாலும் படிச்சு வை.

மெண்டோட்டா | ஜூலை 15, காலை 8:40

அம்மாகிட்டச் சொல்லிரு: பச்சைக் கறிவேப்பிலை கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்புற பூச்சி அதுல ஒட்டிக்கிட்டு வரும்னு தடை. அரிசி, கொண்டைக்கடலையும், தானியத்தைத் தின்னுற கப்ரா வண்டுனால, பெட்டியில வரக் கூடாது. பொடி வகையெல்லாம் கொண்டுபோ. என்ன இருந்தாலும் சாப்பாடு இருக்குன்னு ஒத்துக்க, எடுத்துப் போட்டுட்டு விட்ருவாய்ங்க. மறைச்சாத்தான் அபராதம்.

கோயம்புத்தூர்_பையன் | செப்டம்பர் 5, காலை 8:30

வந்து சேர்ந்துட்டேனுங்க. கொஞ்சம் லேட்டா எழுதறேன், மன்னிச்சுக்கோங்க.

கல்யாணம் நல்லா முடிஞ்சுது. தாலி கட்டுனது வியாழன் காலைல, நான் கிளம்புனது வெள்ளி விடியக்கால. சிகாகோல இமிகிரேஷன் ஆபீசர் தேதியைப் பாத்துட்டு ஏன் லேட்டுன்னார். மெயில் தாளை நீட்டுனேன். கைல மருதாணி, நெத்தில இன்னும் கொஞ்சம் சந்தனம். தாளைப் படிக்கவே இல்லை, கையைப் பாத்துட்டு "யூ காட் மேரீட்?"னார். "மை சிஸ்டர்"னேன். முத்திரை விழுந்துருச்சு.

சுங்கத்துல சாப்பாடு இருக்குன்னு ஒத்துக்கிட்டேன். இட்லிப் பொடி, பருப்புப் பொடி எல்லாம் பாஸ். பலகாரப் பெட்டியைத் திறந்தா லட்டுக்குக் கீழ வாழை இலை, அதுக்குக் கீழ ஈரத்துணில சுத்தி ஒரு கொத்துக் கறிவேப்பிலை! அம்மாகிட்ட நாலு தடவை சொன்னேனுங்க. ஆபீசரம்மா மோந்து பாத்துட்டு "ஸ்மெல்ஸ் குட், சாரி"ன்னு தொட்டில போட்டாங்க.

செக்-இன் எவ்வளவு நேரம் தெரியுமுங்களா? நாலு நிமிஷம். டிஎஸ்-2019, விசாப் பக்கம், ஐ-94, முகவரி, முடிஞ்சுது. ஒரு மாசம் தூங்காம இருந்தேன் இதுக்கு. செவ்வாய்க்கிழமை செஷன்ல ஏழே பேர். அதனால தூங்க முடியல, ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கேள்வி கேட்டாங்க. வடமராட்சி அக்கா, இன்டெக்ரிட்டி ஸ்லைடு வந்தப்ப ஃபோனைப் பைக்குள்ள போட்டுட்டேன். சும்மா_இரு அண்ணா, டி-ஷர்ட் தீந்துபோச்சாம், எனக்குத் தண்ணி பாட்டில்தான்.

சும்மா_இரு | செப்டம்பர் 5, இரவு 9:15

எக்ஸ்எல் பாட்டிலா?

ஃபைல்_அக்கா | செப்டம்பர் 5, இரவு 9:40

கூப்பிடற பேரை மாத்துனியா?

கோயம்புத்தூர்_பையன் | செப்டம்பர் 5, இரவு 11:02

மறந்துட்டேனுங்க அக்கா. முந்தாநாள் முதல் வகுப்பு, புரொஃபசர் பட்டியலைப் பாத்து "ஃப்னு?"ன்னு கூப்பிட்டார். கையைத் தூக்குனேன். எனக்கு ரெண்டு வரிசை முன்னாடி இன்னொரு கையும் தூக்கி இருந்துச்சு. அவன் திரும்பிப் பாத்தான். திருநெல்வேலியாம்.